பூளை விட்ட பெருமூச்சு

அந்தக் காலத்தில் குதிரைக்கும் மனிதனுக்கும் ஒரே பேச்சுதான். மேய்ச்சல் காட்டில் நின்றுகொண்டு "தண்ணி வேணுமுங்க" என்று குதிரை குரல் கொடுத்தால், வீட்டிலிருந்து யாராவது குடத்தோடு ஓடுவார்கள்.

நொய்யல் ஆற்றுக்குத் தெற்கே, கிளுவை முள்வேலி போட்ட காட்டில் நாச்சப்பன் என்பவர் குதிரை வளர்த்தார். அவர் வீட்டுக் குதிரை கடிக்காது, உதைக்காது, குழந்தை காலடியில் புகுந்தாலும் அசையாது. சாட்டை என்ற பொருளே அந்த வீட்டில் கிடையாது. குட்டியைப் பழக்க அவர்களுக்கென்று ஒரு முறை இருந்தது. கோணிப்பையில் ஒரு படி ஆற்று மணலைப் போட்டு முதுகில் வைத்து, வயிற்றைச் சுற்றித் தோல்வாரால் கட்டுவார்கள். மறுநாள் இன்னொரு படி. கட்டுவதற்கு முன் குட்டியைக் கேட்பார்கள். அது வாய் திறந்து "சரி" என்ற பிறகுதான் கட்டுவார்கள். ஓர் ஆளின் எடைக்கு மணல் வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

அந்த வருடம் பழகிக்கொண்டிருந்தது பூளை என்ற வெள்ளைக் குட்டி. சாம்பி என்ற கிழட்டுக் குதிரையின் கடைசி மகள். பத்துப் படிக்கு வந்திருந்தாள்.

அப்போதுதான் நாச்சப்பனின் மச்சான் அத்தப்பன் வந்தார். ஊர் நோம்பித் திருவிழாவில் அம்மனின் முரசைச் சுமக்க ஒரு வெள்ளைக் குதிரை தருவதாக நாச்சப்பன் போன வருடமே வாக்குக் கொடுத்திருந்தார்.

"இன்னும் பத்துப் படிதானா?" என்று அத்தப்பன் சிரித்தார். "நோம்பிக்கு நாலு நாள்தான் இருக்குதுங்க மச்சான். நீங்க படிப்படியா அளந்துகிட்டு இருந்தா, அம்மன் எங்க குதிரைன்னு கேட்டுக்கிட்டு இங்கயே வந்துருவா."

"குட்டி பயந்துக்குமுங்க."

"குதிரை பயப்படுதா, நீங்க பயப்படறீங்களா?"

அந்தச் சிரிப்பு நாச்சப்பனைத் தைத்துவிட்டது. மறுநாள் காலையில் யாரும் பார்க்காதபோது கோணிப்பையில் முப்பது படி மணலைப் போட்டார். மூச்சுப் பிடித்துத் தூக்கி, பூளையின் முதுகில் வைத்தார். அவள் முதுகு ஒரு முறை வளைந்து நிமிர்ந்தது.

"அய்யா, இன்னிக்கு எவ்வளவுங்க?"

"பதினொண்ணுதான் கண்ணு."

"கனமா இருக்குதுங்களே."

"ராத்திரி பனி விழுந்து மணல் நனைஞ்சிருச்சு. கட்டட்டுமா?"

பூளை அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "சரிங்கய்யா" என்றாள்.

அவள் விலாத் தோல் ஈ மொய்த்ததுபோல் துடித்துக்கொண்டிருந்தது. காது இரண்டும் பின்னால் ஒட்டிக்கொண்டன. நாச்சப்பன் அதைப் பார்க்கவில்லை. வாய் சொன்னதைக் கேட்டாயிற்று. வாரை இழுத்துக் கட்டினார்.

மறுகணம் பூளை எகிறினாள். கிளுவை வேலியைத் தாண்டிப் பாறைக் குன்றான கரட்டை நோக்கி ஓடினாள். ஓட ஓட மூட்டை சரிந்து வயிற்றுக்குக் கீழே தொங்கிக் கால்களில் இடித்தது. இடிக்க இடிக்க இன்னும் வேகமாக ஓடினாள்.

நாச்சப்பன் கரடு ஏறியபோது, பூளை பாறை விளிம்பில் மூன்று காலில் நின்றுகொண்டிருந்தாள். நான்காவது கால் சரிந்த வாருக்குள் மாட்டியிருந்தது. பின்னால் பனைமர உயரத்துக்குப் பள்ளம்.

"கண்ணு, ஒண்ணும் ஆகாது. வாரை மட்டும் அறுத்து விட்டுடறேன்."

பூளை ஓர் அடி பின்னால் போனாள். கல் ஒன்று உருண்டு விழுந்தது.

"சாமி சத்தியமா சொல்றேன்..."

இன்னோர் அடி.

பின்னாலேயே மூச்சிரைக்க வந்து சேர்ந்த சாம்பி, "நீங்க பேசப் பேச அவ பின்னால போறா. கொஞ்சம் வாயை மூடறீங்களா?" என்றாள்.

நாச்சப்பன் வாயை மூடினார். என்ன செய்வதென்று தெரியாமல் பூளைக்கு முதுகைக் காட்டிப் பாறையில் உட்கார்ந்துவிட்டார். இன்று சொன்னது ஒரே பொய்தானா என்று யோசித்துப் பார்த்தார். 'வலிக்காது' என்று எத்தனை குட்டிகளிடம் சொல்லியிருக்கிறார்? சாட்டை வைத்துக்கொள்ளாததில் அவருக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. சாட்டை செய்கிற வேலையைத் தன் நாக்கு செய்துகொண்டிருந்ததோ? மச்சானின் ஒரு சிரிப்புக்காக இந்தக் குட்டியைப் பள்ளத்தின் ஓரம் வரை துரத்திவிட்டோமே என்று நினைத்தார். நெஞ்சில் பிடித்து வைத்திருந்த மூச்சு, அவரை அறியாமல் நீளமாக வெளியே வந்தது. தோள்கள் தளர்ந்தன.

வெயில் ஏறியது. பின்னால் ஒரு குளம்பு பாறையில் தட்டியது. நின்றது. மறுபடி தட்டியது. அவர் திரும்பவில்லை. பிடரியில் சூடான காற்று பட்டது.

மெல்லக் கையைப் பின்னால் நீட்டி, வாரைத் தடவிப் பிடித்துச் சூரிக்கத்தியால் அறுத்தார். மூட்டை விழுந்து பிய்ந்தது. மணல் பாறையில் வழிந்தது. பூளை நான்காவது காலைத் தரையில் ஊன்றிப் பார்த்தாள். ஊன்ற முடிந்தது. தலையைத் தாழ்த்தினாள். மூக்குத்துளை அதிர உள்ளிருந்து ஒரு நீண்ட மூச்சை விட்டு, வாயைச் சப்புக்கொட்டினாள். நாச்சப்பன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே சிரித்தார்.

"அய்யா, நானும் பொய் சொன்னேனுங்க" என்றாள் பூளை.

"நீயா?"

"சரின்னு சொன்னேனே. உசுரே போறாப்புல பயமா இருந்துச்சு. உங்க மனசு கோணக்கூடாதுன்னு சொல்லிட்டேன்."

நாச்சப்பன் அதை நினைத்தும் பார்த்ததில்லை. இத்தனை வருடமாகக் கேட்ட 'சரி'களில் எத்தனை அப்படிப்பட்டவை?

"இனி உங்ககிட்ட வாயால பேச மாட்டேனுங்க. மூச்சுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதைக் கேளுங்க" என்றாள் பூளை. சாம்பி ஆமோதிப்பதுபோல் வாலை வீசினாள். குதிரை வாயிலிருந்து வந்த கடைசிப் பேச்சு அதுதான்.

அத்தப்பனிடம் நாச்சப்பன், "இந்த வருசம் குதிரை வராது மச்சான்" என்றார்.

"அப்ப முரசை நானா சுமக்கறது?"

"சுமங்க. தோள் நல்லாத்தானே இருக்குது?"

அத்தப்பன் முறைத்துப் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் நாச்சப்பன் மணலும் வாரும் இல்லாமல், வெறுங்கையை நீட்டிக்கொண்டு பூளையின் எதிரில் நின்றார். உச்சிவேளை வரை நின்றார். கடைசியில் அவள் தலையைத் தாழ்த்தி, அவர் உள்ளங்கையில் நீளமாக மூச்சு விட்டாள்.

அன்றிலிருந்துதான் குதிரைகள் மனிதனிடம் பேசுவதில்லை. பயம் தெளிந்ததும் தலையைத் தாழ்த்திப் பெருமூச்சு விட்டு வாயைச் சப்புக்கொட்டுகின்றன. நல்ல பழக்குநர்களும், எவ்வளவு நேரமானாலும், அந்த மூச்சு கையில் படும்வரை முதுகில் எதையும் வைப்பதில்லை.