சிட்டு பிடித்த பிடி

ஆகாயத்தாமரை மூடிய குளம் ஒன்றில் ஒரு தவளை இருந்தது. கண்ணில் பட்டதையெல்லாம் விழுங்குவதுதான் அதன் வேலை. ஒரு நாள் சாக்கடைப் பக்கமிருந்து பறந்து வந்த ஈ அதன் எதிரே உட்கார்ந்துவிட்டது.

"அண்ணே, என்னைத் தின்னாதீங்க! என் கால்ல நோய் ஒட்டியிருக்கு. உங்களுக்கு ஆகாது!" என்று கெஞ்சியது ஈ.

"சாகப்போற ஈ எல்லாம் இதைத்தான் சொல்லுது!" என்று சிரித்தது தவளை. நாக்கை நீட்டியது. ஈயைக் காணோம்.

பாவம், அந்த ஈ சொன்னது உண்மைதான். அதன் காலில் ஒட்டிக்கொண்டிருந்த நெளியன் என்ற பாக்டீரியாவும் கூடவே உள்ளே போனான். தவளை அடுத்த ஈயைத் தேடப் போய்விட்டது. நம் கதை இனி அதன் வயிற்றுக்குள் நடக்கிறது.

அங்கே குடல் சுவர் இருந்தது. சுவர் முழுவதும் உயிருள்ள செல்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, இடுக்கில் எதுவும் புகாதபடி நெருக்கமாக நின்றார்கள். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய உடம்புக்குள்ளாவது கிருமி புகுந்துவிட்டால் அவள் இரண்டு பக்கமும் கையை விட்டுவிட வேண்டும். விட்டால் குடலில் ஓடும் தண்ணீரில் விழுவாள். கிருமியையும் தன்னோடு கொண்டு வெளியே போய்விடுவாள். பக்கத்திலிருந்த இருவரும் நெருங்கி வந்து கை கோத்துக்கொள்வார்கள். அழுவார்கள், ஆனாலும் அப்படித்தான் செய்வார்கள். சுவர் விழுந்தால் தவளை போச்சு. தவளை போனால் எல்லோரும் போச்சு.

அந்தச் சுவரில் சிட்டு என்று ஒருத்தி. அவளுக்கு வலப்பக்கம் பவளக்கா. இருவரும் பிறந்ததிலிருந்து ஒன்றாகவே நின்றவர்கள். இடப்பக்கம் ராக்கு. சத்து ஓடிவரும்போதெல்லாம் இடித்துக்கொண்டு முன்னால் நிற்பவள். சிட்டுவுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. கடமைக்கு அவள் கையைப் பிடிப்பாள். அதற்கு மேல் இம்மிகூட இறுக்க மாட்டாள்.

நெளியன் மிதந்து வந்து சிட்டுவின் அருகே நின்றான். கதவை உடைக்கும் பலமெல்லாம் அவனுக்குக் கிடையாது. அதைவிடப் பொல்லாத வித்தை ஒன்று தெரியும். அவன் உடம்பில் ஊசிபோல ஒரு குழல் இருந்தது. தான் செய்த புரதங்களை அதன் வழியே அடுத்தவர் உடம்புக்குள் செலுத்திவிடுவான். அவை உள்ளே போய், அவர்கள் மனசின் குரலிலேயே பேசும்!

முதல் புரதம் போனது. "பாவம், யாரோ வெளிய நிக்கிறாங்க. திறந்தாத்தான் என்ன?" என்றது. தானே அப்படி நினைத்ததாகத்தான் சிட்டுவுக்குத் தோன்றியது. திறந்துவிட்டாள். நெளியன் உள்ளே வந்தான். வந்தவன் இரண்டானான், நான்கானான்.

"என்னடி சிட்டு, உடம்பு இப்படி ஊதியிருக்கு?" என்று கேட்டாள் பவளக்கா.

சிட்டுவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. "உள்ள கிருமி பூந்துடுச்சுக்கா. நான் கையை விடணும்."

விடத்தான் நினைத்தாள். ஆனால் அவள் விழுந்தால் நெளியன் பிழைப்பும் தண்ணீரோடு போய்விடுமே! அவன் அவசரமாக இரண்டாவது புரதத்தை அனுப்பினான்.

"அக்காவை விட்டுட்டா போகப்போறே? நீ இல்லாம அவ எப்படி இருப்பா?" என்றது அது.

சிட்டுவின் விரல்கள் இறுகின. "அக்கா! உங்களை விட்டுப் போக மனசே வரலக்கா!"

"எனக்கு மட்டும் வருமாடி? கொஞ்ச நேரம் இரு" என்று பவளக்காவும் பிடித்துக்கொண்டாள். பாசத்துக்கு முன்னால் வழக்கமாவது ஒன்றாவது!

இதற்காகத்தானே நெளியன் காத்திருந்தான்? அவன் கூட்டம் பெருகியது. கோத்திருந்த கைகளின் வழியாகவே பவளக்காவை நோக்கி மெல்ல நகர்ந்தது. அவள் விரல் நுனியை வெளியிலிருந்து எதுவோ சுரண்டியது.

"சிட்டு, கை வலிக்குதுடி! நீ என்னை இப்படிப் பிடிச்சதே இல்லையே!"

"பாசம்தான் அக்கா."

பவளக்கா கொஞ்சம் யோசித்தாள். "அந்தப் பக்கம் ராக்கு கையை எப்படிப் பிடிச்சிருக்கே, பாரு" என்றாள்.

சிட்டு திரும்பிப் பார்த்தாள். ராக்கு வலியில் முகம் கோணி நின்றாள். "என்னை எதுக்குடி இந்த நசுக்கு நசுக்கறே? நமக்குள்ள பேச்சே கிடையாதே!" என்று கத்தினாள்.

சிட்டு திகைத்துப்போனாள். அக்காவைப் பிடித்திருந்த அதே பிடி. ராக்குவின் மேல் அவளுக்கு எங்கிருந்து வந்தது இத்தனை பாசம்?

"அப்போ இது என் மனசு இல்லையா அக்கா? உள்ள பூந்தவன் சொல்றதையா இவ்வளவு நேரம் கேட்டுட்டிருந்தேன்?"

நெளியன் பதறினான். "இல்ல, இல்ல! இது நீதான்! நீயேதான்!" என்று அலறினான். அலறியதில் சொந்தக் குரல் வெளிவந்துவிட்டது.

சிட்டு விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். அவை அசையவில்லை. புரதம் அவற்றை அப்படியே பூட்டியிருந்தது.

"என்னால முடியலக்கா. நீங்க ரெண்டு பேரும் உருவிக்குங்க. சீக்கிரம்!"

ராக்கு ஒரே இழுப்பில் கையை உருவிக்கொண்டாள். பவளக்கா மட்டும் தயங்கினாள். கண்ணீர் வழிந்தது.

"அக்கா, உங்களுக்குள்ளயும் அவன் பேசறானா?" என்று பயந்துபோய்க் கேட்டாள் சிட்டு.

"இல்லடி. அழறது நான்தான்" என்றாள் பவளக்கா. "விடறதும் நான்தான்."

விட்டுவிட்டாள். சிட்டு தண்ணீரில் விழுந்தாள். நெளியனின் மொத்தக் கூட்டத்தையும் அவளோடு தண்ணீர் அடித்துக்கொண்டு போனது.

பவளக்காவும் ராக்குவும் நெருங்கி வந்து கை கோத்துக்கொண்டார்கள்.

ஒரு நினைப்பு நம் குரலிலேயே பேசினாலும், அதன்படி நடந்தால் பிழைக்கப்போவது யார் என்று பார்த்த பிறகே அதை நம் நினைப்பு என்று நம்ப வேண்டும்.