பெரிய வியாழன் நாற்காலி

"என் நாற்காலில ஒருத்தன் உக்காந்துட்டான் சாமி!"

பூசைக்கு உடை மாற்றிக்கொண்டிருந்த பங்குச் சாமியார் திரும்பினார். கோயில் தர்மகர்த்தா சந்தியாகுவுக்கு மூச்சு வாங்கியது. சாமியாரைவிட முப்பது வயது மூத்தவர்.

"யாரு அண்ணாச்சி?"

"சூளைக்காரன். வடக்கேருந்து வந்த பய."

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவ வேண்டும். இயேசு தம் சீடர்களுக்குச் செய்தது அது. ஆனால் அந்த ஊரில் பன்னிரண்டு நாற்காலிகளும் அப்பன் சொத்து மாதிரி பிள்ளைக்கு வந்துகொண்டிருந்தன. இயேசுவே வந்தாலும் பதிமூன்றாவது நாற்காலி கிடையாது.

செங்கல் சூளைக்கு ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்தவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? முன்னால் ஒரு நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்தார். அவர் பெயர் லூக்கஸ் எக்கா. ஊரில் ஒருத்தரும் அதைக் கேட்டதில்லை.

"கோயிலை என் பிள்ளையப் போலப் பாத்துக்கிடுதேன் சாமி. நேத்துதான் தரையை ஆள் வச்சுத் தேச்சேன். வெளிய மழை பெஞ்சு சேறு. அவன் நடந்த இடமெல்லாம் செம்மண்ணு!"

"எந்திரிக்கச் சொன்னீங்களா?"

"சொல்லாம? போயிட்டான்."

"எங்க?"

"வாசப்படில பொண்டாட்டியோட உக்காந்திருக்கான்."

"போயிட்டாருன்னா, பெறவு என்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

சந்தியாகுவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க பீடத்துல நின்னு சொல்லணும் சாமி. கண்டவனும் முன்னால வந்து உக்காரக் கூடாதுன்னு."

சாமியார் மேலுடையை மாட்டிக்கொண்டார். மணி அடித்தது.

பிரசங்கம் முடிந்து கால் கழுவும் நேரம் வந்தது. சாமியார் மேலுடையைக் கழற்றி, இடுப்பில் துண்டைக் கட்டி, தாம்பாளத்தோடு முதல் நாற்காலி முன் முழங்காலிட்டார். சந்தியாகு பெருமையாக வலது காலை நீட்டினார்.

சாமியார் அந்தக் காலைக் கையில் ஏந்திப் பார்த்தார். நகம் வெட்டியிருந்தது. குதிகால் கல்லில் தேய்த்து வழவழவென்றிருந்தது. பவுடர் வேறு. அடுத்தடுத்த பதினொன்றையும் எட்டிப் பார்த்தார். எல்லாம் அதே லட்சணம்.

"இதை யாரு கழுவுனா அண்ணாச்சி?"

"நான்தான் சாமி. வீட்டுலயே, சோப்புப் போட்டு."

"பெறவு நான் எதுக்கு?"

சாமியார் சட்டென்று எழுந்தார். தாம்பாளத்தையும் செம்பையும் தூக்கிக்கொண்டு நடுவழியே வாசலுக்கு நடந்தார். பாடகர் குழு பாட்டை மறந்து வாயைப் பிளந்தது.

சந்தியாகு பின்னாலேயே ஓடினார். "சாமி, பூசை பாதில நிக்குது! ஊரு பாக்குது!"

அவர் வாசலுக்கு வருவதற்குள் சாமியார் படிக்குக் கீழே மண்டியிட்டிருந்தார். லூக்கஸின் கால் அவர் கையில் இருந்தது. லூக்கஸ் கூச்சத்தோடு காலை இழுத்துப் பார்த்தார், சாமியார் விடவில்லை. தாம்பாளத்துத் தண்ணீர் செங்கல் நிறமாகியிருந்தது. பக்கத்தில் லூக்கஸ் மனைவியின் கால்கள் வெடிப்போடும் சேறோடும் காத்திருந்தன.

சாமியார் நிமிரவில்லை.

"தண்ணி காணாது அண்ணாச்சி. ஒரு குடம் கொண்டாங்க."

கிணறு சேற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

சந்தியாகு கோயிலுக்குள் திரும்பிப் பார்த்தார். சனம் முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டிப் படியிறங்கினார். போகும்போது ஒரு தரம் சறுக்கினார், குடத்தோடு திரும்பும்போது இன்னொரு தரம். முழங்கால் வரைக்கும் செம்மண் அப்பியிருந்தது.

குடத்தை வைத்துவிட்டு நகரப் போனார்.

சாமியார் அவர் காலைப் பார்த்தார்.

"இப்ப உக்காருங்க."

எங்கே உட்கார்வதென்று தெரியாமல் சந்தியாகு நின்றார்.

லூக்கஸ் படியில் ஒதுங்கி அவருக்கு இடம் விட்டார்.