ஏரியைக் குடித்த கள்வன்

முன்னொரு காலத்தில், யாரையும் நம்பாமல் தன் வெற்றிலையைத் தானே மடித்துக்கொள்ளும் மன்னன் ஒருவன் இருந்தான். ஒரு கோடையில் அவனுடைய பெரிய ஏரி வழக்கத்தைவிட வேகமாக வற்றியது. கடைமடை வயல்கள் வெடித்தன. யாரோ தண்ணீரைத் திருடுகிறார்கள் என்று மன்னன் முடிவு கட்டினான்.

பிரதானி கச்சிராயர் அவன் காதருகே குனிந்தார். "நம் அரசவை விகடகவி மருதப்பன் தினமும் விடியற்காலையில் ஏரியிலிருந்து நனைந்த வேட்டியோடு வருகிறான், அரசே. நான் வேறொன்றும் சொல்லவில்லை."

மன்னனுக்கு அது போதும். மருதப்பனை வரவழைத்தான். "அமாவாசைக்குள் கள்வனைச் சங்கிலியில் கட்டி இழுத்து வா. இல்லையேல் அந்தச் சங்கிலி உனக்கு."

மறுநாளே மருதப்பன் சங்கிலியோடு வந்தான். அதன் முனையில் வெங்காயத்தாமரைச் செடிகள்: உப்பிய தண்டு, கருத்த வேர்க்கொத்து, ஊதாப் பூ. சபை சிரித்தது. மன்னன் சிரிக்கவில்லை. அதே பூ அவன் தலைப்பாகையில் இருந்தது. அயல்நாட்டிலிருந்து அந்தச் செடியைக் கொண்டுவந்து ஏரியில் விட்டதற்குத்தான் கச்சிராயருக்கு 'மலர்க்காவலர்' பட்டமே கிடைத்திருந்தது.

"செடி திருடுமா? விளையாடுகிறாயா?"

"விசாரித்துவிட்டுத் தண்டியுங்கள், அரசே. இரண்டு அண்டாக்களில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி வெயிலில் வைப்போம். ஒன்றில் இவர்களை அடைப்போம். காவலுக்குத் தாங்களே இருங்கள்."

வேறு யாரிடமும் காவலை விட மன்னனுக்கு மனமில்லை. முற்றத்தில் குடை விரித்து உட்கார்ந்தான். கச்சிராயர் அண்டாவை நெருங்கும்போதெல்லாம், "கையைக் காட்டும்" என்றான்.

அமாவாசையன்று பார்த்தால், செடியில்லாத அண்டாவில் நீர் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. மற்றதில் பாதிக்குமேல் காணோம், செடிகளோ பெருகியிருந்தன.

"சரி. உன் வேட்டி ஏன் நனைந்தது?"

"வேரோடு பிடுங்கிக் கரையில் காயப்போட்டு வந்தேன், அரசே. தாங்கள் சூடும் பூவைப் பிடுங்குகிறேன் என்று பகலில் எப்படிச் சொல்வது? ஒரு துண்டு தப்பினாலும் மறுபடி படர்கிறது. ஒருவன் கை போதவில்லை."

மன்னன் திரும்பினான். "மலர்க்காவலரே, ஆட்களோடு ஏரியில் இறங்கும். ஒரு துண்டுகூட வாய்க்காலில் போகக் கூடாது. நான் கரையிலேயே இருப்பேன்."

"அரசே, எனக்கு நீச்சல் தெரியாது."

"பயம் வேண்டாம், பிரதானியாரே," என்றான் மருதப்பன். "முழங்காலளவுதான் இந்தக் கள்வர்கள் மிச்சம் வைத்திருக்கிறார்கள்."

மன்னன் தன் முத்துமாலையைக் கழற்றி நீட்டினான். மருதப்பன் வாங்கவில்லை.

"இன்னும் ஒருவன் பிடிபடவில்லை, அரசே."

மன்னனின் கை வாளுக்குப் போனது. "எங்கே?"

"தங்கள் தலைப்பாகையில்."

மன்னன் பூவை உருவி எடுத்துப் பார்த்தான். பிறகு முற்றம் அதிரச் சிரித்தான். மாலையை அவனே மருதப்பன் கழுத்தில் போட்டு, வெற்றிலைத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினான்.

"இன்றைக்கு நீ மடித்துக் கொடு."