கண்ணை மட்டும் விட்டுவிடு

அந்தக் காலத்தில், மனிதர்களுக்கும் விலங்குகளுக்கும் ஒரே பேச்சாக இருந்த நாட்களில், தூக்கத்துக்குக் கட்டு எதுவும் கிடையாது. கனவில் தேன் எடுக்கப் போனவன் கண்ணை மூடியபடியே மரம் ஏறுவான். கனவில் கூத்தாடியவள் முற்றத்திலும் ஆடிக்கொண்டிருப்பாள். விழித்ததும் ஊரே சிரிக்கும்.

நஞ்சியும் அப்படிச் சிரித்தவள்தான். அவளுக்கும் அவள் புருஷன் காடனுக்கும் மலைச்சரிவில் ஒரு தினைக்கொல்லை இருந்தது. கதிர் முற்றும் காலத்தில் இரவெல்லாம் பன்றி விரட்ட வேண்டும். பகலில் ஆள் மாற்றித் தூங்குவார்கள். மகள் கெம்பிக்கு அப்போதுதான் நடை வந்திருந்தது.

ஒரு நண்பகலில் நஞ்சி குடிசைக்குள் படுத்தாள். கனவில் ஒரு பன்றி கொல்லைக்குள் புகுந்து கதிரைச் சாய்த்தது. அவள் எழுந்தாள். மூலையில் கிடந்த உலக்கையை எடுத்தாள். பன்றி தலை குனிந்த சமயம் பார்த்து ஓங்கி அடித்தாள். அடித்த வேகத்தில் விழிப்பு வந்தது. வாசலில் காடன் கவிழ்ந்து கிடந்தான். காயப்போட்ட தினையைக் குனிந்து வாரிக்கொண்டிருந்தவன்.

இரண்டு நாள் உயிரோடு இருந்தான். அவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பன்றின்னு நெனச்சியா?" என்று கேட்டான்.

"ஆமா."

"தூக்கத்துலதானே செஞ்ச. விடு." மகள் இருந்த பக்கம் பார்த்துவிட்டு, "புள்ளைகிட்ட மட்டும் படுத்துடாத," என்றான்.

அவன் திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

அவனைப் புதைத்த பிறகு நஞ்சி தூங்கவில்லை. கொடியால் தன்னைத் தூணோடு கட்டிப் பார்த்தாள். அசந்த நேரத்தில் அவள் கைகளே முடிச்சை அவிழ்த்துவிட்டன. ஐந்தாம் நாள் கதிர் அறுக்கும்போது நின்றபடியே கண் செருகியது. விழித்தபோது ஓங்கிய கையில் அரிவாள் இருந்தது; எதிரே கெம்பி நின்றாள். அதற்கு மேல் நஞ்சி காத்திருக்கவில்லை. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மலைப்பாம்பு குடியிருந்த பாறையிடுக்குக்கு ஏறினாள்.

"என்னைச் சுத்திப் பிடி," என்றாள். "கனவு வந்தா கையும் காலும் அசையக் கூடாது."

பாம்பு தலையைத் தூக்கியது. "பிடிக்கிறது எனக்கு ஒரு நொடி வேலை. விடுறதுதான் மெதுவா நடக்கும். என் உடம்பு அப்படி. நீ முந்தி முழிச்சுக்கிட்டா என்னைக் குத்தம் சொல்லாத."

"சொல்ல மாட்டேன்."

"உனக்கு மட்டுமா?"

நஞ்சி கீழே தெரிந்த குடிசைகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் ஓர் உலக்கை இருந்தது.

"எல்லாருக்கும். மூச்சை மட்டும் விட்டுடு. கண்ணையும் விட்டுடு. கண்ணு இருந்தா புள்ளையைப் பாத்துக்கிட்டாவது கிடப்பேன்."

அன்றே பாம்பு மனிதர்களின் தூக்கத்துக்குள் இறங்கியது. ஊர் அமைதியாகத் தூங்கியது. யாரும் யாரையும் அடிக்கவில்லை, யாரும் மரத்திலிருந்து விழவில்லை. பெண்கள் தேனும் கிழங்கும் கொண்டுவந்து நஞ்சியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவளும் மகளை அணைத்துக்கொண்டு தூங்கத் தொடங்கினாள்.

மழை தொடங்கிய பிறகு ஒரு மதியம் அவளுக்குச் சட்டென்று கண் திறந்தது. பாம்பின் பாரம் இன்னும் மார்பின் மேல் இருந்தது. பக்கத்தில் கெம்பி இல்லை. கதவு வைக்காத வாசல் வழியே, அவள் ஓடையை நோக்கித் தத்தித் தத்தி இறங்குவது தெரிந்தது. ஓடை கலங்கிப் பெருகி ஓடிக்கொண்டிருந்தது. நஞ்சி கூப்பிட்டாள், குரல் எழவில்லை. எழப் பார்த்தாள், விரல்கூட அசையவில்லை.

கெம்பி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அம்மா கண்ணைத் திறந்து தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. குழந்தை இன்னும் கொஞ்சம் இறங்கியது.

பிடி தளர்ந்து நஞ்சி ஓடியபோது, கரைச் சேற்றில் சின்னக் கால்தடங்கள் மட்டும் இருந்தன.

அவள் மறுபடியும் மலை ஏறினாள். "விட்டுடு," என்றாள்.

"எல்லாரையும் சேத்துத்தான் பிடிச்சேன்," என்றது பாம்பு. "விட்டாலும் சேத்துத்தான் விடணும். விடட்டுமா?"

கீழே குடிசைகளில் அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது. எங்கோ ஒருத்தி தன் புருஷனைச் சாப்பிடக் கூப்பிடுவது கேட்டது. நஞ்சி பொழுது சாயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கடைசியில், "இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். ஊர்ப் பெண்கள் அதற்குப் பிறகும் தேன் கொண்டுவந்தார்கள். அவள் அதைத் தொடவில்லை. வாசலிலேயே எறும்பு மொய்க்க விட்டாள்.

அன்றிலிருந்துதான் கனவு காணும்போது நம் கையும் காலும் செத்ததுபோல் கிடக்கின்றன. மூச்சு மட்டும் ஓடுகிறது, மூடிய இமைக்குள் கண் மட்டும் அங்குமிங்கும் அலைகிறது. சில நாள் விழிப்பு முந்திக்கொள்கிறது. மார்பில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் கனக்கிறது. கத்தினாலும் குரல் வருவதில்லை. அமுக்குவான் பேய் என்கிறார்கள். பேய் ஒன்றும் இல்லை. மலைப்பாம்பு தன் பிடியை விட எடுத்துக்கொள்ளும் நேரம் அது.