வெள்ளையாக விட்ட சந்து

இதை நான் நேரில் பார்க்கவில்லை. நகரமைப்புத் துறையில் எனக்கு முந்திய ஆண்டு படித்த ஒருவர் சொல்லக் கேட்டது. அவரும் அந்தக் கூட்டத்தில் பின்வரிசையில்தான் இருந்தாராம். எல்லாம் காதில் சரியாக விழுந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஊர்ப் பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன். மற்றதைக் கேட்டபடியே எழுதுகிறேன்.

ஓர் ஏரி. அதன் ஓரத்துப் புறம்போக்கில் ஒரு சந்து. வீடுகள் சீமைக்கருவேல மரங்களின் அடியில் இருந்ததால், ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தில் மரங்கள் மட்டுமே தெரியும்.

அந்த ஊர் ஏரியை நோக்கி எப்படி வளர்ந்தது என்று ஆராய நித்திலா என்ற ஆய்வு மாணவி வந்தார். அவருடைய வேலையில் முக்கியமானது நிலப் பயன்பாட்டு வரைபடம். எங்கள் வீட்டில் அப்படி ஒன்றைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை என்பதால், அம்மாவுக்குச் சொன்னதுபோலவே சொல்கிறேன்: குடியிருப்புக்கு மஞ்சள், வயலுக்குப் பச்சை. ஒன்றும் இல்லாத இடத்தை வெள்ளையாக விட்டுவிடுவார்கள்.

சந்தில் முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. மஞ்சள் பூசினால் ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் வருமே என்ற பயம். நித்திலா வாசல் வாசலாக நின்று, ஒவ்வொரு வீட்டாரிடமும் தனித்தனியாக வாக்குக் கொடுத்தார்: "உங்க வீட்டை வரைபடத்துல காட்ட மாட்டேன்." சொன்னபடியே செய்தார். சந்து இருந்த இடம் வெள்ளையாக அச்சானது.

பிறகு ஏரியின் உபரி நீருக்கு ஒரு கால்வாய் வெட்ட நகராட்சி திட்டமிட்டது. கைவசம் இருந்த நல்ல வரைபடம் நித்திலாவுடையதுதான். ஊருக்குப் பயன்படட்டுமே என்று அவருடைய வழிகாட்டி, பேராசிரியர் அருளானந்தம், அதைக் கொடுத்திருந்தார். யாரும் நேரில் போய்ப் பார்க்கவில்லை. வெள்ளை இடத்தின் நடுவே நேராக ஒரு கோடு போட்டார்கள்.

ஆட்சேபனை கேட்கும் கூட்டம் அறிவிக்கப்பட்டதும் நித்திலா சந்துக்கு ஓடினார். அங்கே பூங்காவனம் என்ற பெண் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"இன்னா பாப்பா, மறைக்கிறேன்னு சொல்லி எங்கள சுத்தமா அழிச்சிட்டியே?"

"நீங்க இருக்கீங்கன்னு நான் போய்ச் சொல்லிடறேன் அக்கா. கோட்டை மாத்திடுவாங்க."

"சொல்லு. கால்வா அந்தப் பக்கம் போவும், நோட்டீசு இந்தப் பக்கம் வரும். வாக்கு குடுத்தியா, இல்லியா?"

அடுத்த வீட்டு எத்திராஜ், குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுபவர், வண்டியைத் துடைத்தபடியே குறுக்கிட்டார். "நோட்டீசு வந்தா கோர்ட்டுக்காவது போலாம் பூங்கா. ஜேசிபி வந்தா எங்க போவ?"

"உன் வூட்டப் பத்திப் பேசு. என் வூட்டப் பத்தி நீ பேசாத."

சந்து இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேர் சொல் என்றார்கள், பாதிப் பேர் சொல்லாதே என்றார்கள்.

பேராசிரியருக்குக் குழப்பமே இல்லை. "வாக்குக் கொடுத்தது நீம்மா, நான் இல்லை. சந்து முழுக்க மஞ்சள் பூசி நானே கொடுத்துடறேன்."

"அவங்க என்கிட்ட சொன்னதாலதானே சார் உங்களுக்குத் தெரியும்?"

"வீடே போகப்போகுது. இதுல வாக்கைக் காப்பாத்தி என்னம்மா பண்ணப்போறே?"



கூட்டத்தின் தொடக்கத்தில் அதிகாரி விதியை வாசித்தார். ஆட்சேபனை பதிவான வீடு ஒன்றே ஒன்று குறுக்கே இருந்தாலும், அதற்கு மாற்று இடம் காட்டாமல் அங்கே வெட்டக்கூடாது.

நித்திலா எழுந்தார். "வரைபடத்துல வெள்ளையா இருக்கிற இடத்தைக் காலின்னு எடுத்துக்காதீங்க சார். ஏன்னு என்னால சொல்ல முடியாது."

அதிகாரி சிரித்தார். "காலி இல்லேன்னா அங்க என்னம்மா இருக்கு, பேயா?"

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நித்திலா உட்கார்ந்துவிட்டார். சுருட்டி வைத்திருந்த புது வரைபடத்துடன் பேராசிரியர் எழுந்தார். அவர் மேசையை அடைவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்.

"பேய் இல்ல சார். நான்தான்."

எத்திராஜ் நின்றுகொண்டிருந்தார். "என் வூடு அங்கதான் கீது. சரியா நடுவுல. உங்க கோடு என் அடுப்பு மேல போவுது."

"பக்கத்துல வேற யார் இருக்காங்க?"

"என் வூட்டுக்குத்தான் சார் ஆட்சேபனை குடுக்க வந்தேன். மத்தவங்கள மத்தவங்களத்தான் கேக்கணும்."

அதே வரிசையில் இருந்த பூங்காவனம் தலை நிமிரவில்லை. பேராசிரியர் வரைபடத்தைப் பிரிக்காமலே திரும்பி வந்து உட்கார்ந்தார். அந்தக் கோட்டில் கால்வாய் வெட்டுவது நின்றது. ஆனால் எத்திராஜின் வீடு அன்றிலிருந்து நகராட்சிக்குத் தெரிந்த வீடு. எப்போது வேண்டுமானாலும் அதன் கதவில் நோட்டீஸ் ஒட்டலாம். அது தெரிந்துதான் அவர் எழுந்தார்.

எல்லா வீடுகளையும் காக்க, இன்னொருவர் கொடுத்த வாக்கை உடைக்கத் துணிந்தார் பேராசிரியர். வீடுகள் போனாலும் கொடுத்த வாக்கை மீற நித்திலா தயாராக இல்லை. எத்திராஜ் தன் வீட்டை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். இந்த மூவரில் யார் செய்தது சரி?

என் விடை எத்திராஜ். வாக்கு ஒவ்வொரு வாசலிலும் தனியாகக் கொடுக்கப்பட்டது. அதை வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அந்தந்த வாசலுக்குத்தான். அவர் விட்டுக்கொடுத்தது தன்னுடையதை மட்டும். நடுவீடு என்பதால் சந்து முழுவதற்கும் அது போதுமானதாகிவிட்டது. பேராசிரியரின் எண்ணம் நல்லது, ஆனால் பூங்காவனம் வேண்டாம் என்று சொன்னதை அவர் கேட்கவே இல்லை. நித்திலா வாக்கைக் காத்தார். அது யாருக்காகக் கொடுக்கப்பட்டதோ அவர்களைக் காக்க அவரால் முடியவில்லை. எனக்குக் கதை சொன்னவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. நித்திலா அந்த அரைகுறை வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் எத்திராஜ் எழுந்தே இருக்கமாட்டார் என்கிறார். இருக்கலாம்.

ஒப்புதல் பெற்ற திட்டத்தைப் பிறகு நானே எடுத்துப் பார்த்தேன். கோட்டை மாற்றியிருக்கிறார்கள். புதிய கோடு ஏரியின் மறுகரையில், வேறொரு வெள்ளை இடத்தின் வழியாகப் போகிறது. பேருந்து பிடித்து அங்கே போனேன். அங்கும் வீடுகள் இருக்கின்றன.