மாமியார் வீட்டு முகவரி

குழந்தைகள் இல்லத் தலைவர் தணிகாசலம் தன் அக்கா மகனோடு வந்து, ஆள் சேர்க்கும் பொறுப்பையும் பார்க்கும் ஆயா பவளக்கொடியை அதட்டினார்.

"இவன்தான் புதுக் காப்பாளர். இன்னைக்கே சேர்த்துக்கோ!"

"போலீஸ் சான்றிதழ் இல்லாம சேர்த்தா நம்ம லைசென்ஸே போயிடுமேங்க?"

"என் வார்த்தை போதாதா? சேர்க்கலைன்னா நீ கிளம்பு!" என்றவர் போனில் பேசப் போய்விட்டார்.

அசருவாளா பவளக்கொடி? விண்ணப்பத்தை விரித்தாள்.

"கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?"

"இன்னும் பொண்ணு அமையலைங்க."

"போன ரெண்டு வருஷம் எங்க இருந்தீங்க?"

அவன் திருதிருவென விழித்தான். தலைவர் பாய்ந்து வந்து, "அவன் மாமியார் வீட்ல!" என்றார்.

"கல்யாணம் ஆகாதவருக்கு மாமியார் வீடுன்னா ஜெயில்தானுங்களே? எந்த ஊர் ஜெயில்னு எழுதட்டும்?"

அவன் கேட்டைத் தாண்டி ஓடியே போனான். பவளக்கொடி விண்ணப்பத்தின் கடைசிக் கட்டத்தில் நிதானமாக எழுதினாள்: 'ஆள் சரிபார்க்கப்பட்டார்.'