பாசிப்பயறு சட்டை கழற்றிய நாள்

பயறுகள் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், கரிசல் காட்டோரம் செவத்தாயி என்று ஒருத்தி இருந்தாள். உலை வைத்துவிட்டு, "இன்றைக்கு யார் வர்றீங்க?" என்று அடுக்குப் பானைகளைப் பார்த்துக் கேட்பாளாம். துவரை முந்திக்கொண்டு குரல் கொடுக்குமாம். உளுந்து சோம்பல் முறிக்குமாம். சமையல் என்றாலே நாலு பேரோடு பேசிச் சிரிக்கும் வேலையாக இருந்த நாட்கள் அவை. இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது.

செவத்தாயிக்கு ஏழு மாதத்தில் ஒரு பெண் குழந்தை, பூங்காவனம். அந்த ஆடியில் செவத்தாயிக்குக் கடும் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் விட்டபோது பாலும் வற்றிப் போயிருந்தது. ஆட்டுப்பால் குழந்தைக்குச் சேரவில்லை. கஞ்சித் தண்ணீர் பசியை அடக்கியதே தவிர, உடம்பில் ஒட்டவில்லை. பூங்காவனம் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள்.

"பிள்ளை நாளுக்கு நாள் இளைச்சுக்கிட்டே போகுதே" என்றான் அவள் புருஷன் மாடக்கண்ணு.

செவத்தாயி பானைகளின் முன்னால் போய் நின்றாள். "என் பிள்ளைக்கு யாராவது வாங்களேன்."

"நான் சூடு. பச்சைப் பிள்ளைக்கு ஆகாது" என்றது கொள்ளு.

"நான் வயிற்றை உப்ப வச்சிருவேன்" என்றது மொச்சை.

"நான் வரேன்" என்றது பாசிப்பயறு.

செவத்தாயி அதை அவசரமாக வேகவைத்து மசித்து ஊட்டினாள். இரண்டாவது வாயிலேயே பச்சைத் தோல் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. குழந்தையின் முகத்தில் நீலம் பாய்ந்தது. செவத்தாயி அவளைக் கையில் கவிழ்த்து முதுகில் தட்டினாள். தோல் வெளியே வந்து விழுந்த பிறகுதான் அழுகைச் சத்தம் கேட்டது. குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அவளும் அழுதாள்.

அடுக்குப் பானையில் வேகாமல் மிச்சமிருந்த பாசிப்பயறு அவளைக் கூப்பிட்டது.

"ஆத்தா, நெற்றுக்குள்ள நாங்க பதினோரு பேர் வரிசையாப் படுத்திருந்தோம். காற்றடிச்சா தொட்டில் மாதிரி ஆடும். வெயிலும் மழையும் தாங்கறதுக்காக எங்க அம்மா போட்டுவிட்ட சட்டை இது. இதைக் கழற்றிடு."

"தோலை எடுத்தா நீ முளைக்க மாட்டியே! செடியாகி மறுபடி காற்றுல ஆட மாட்டியே!"

"மாட்டேன். அந்த நாளை நினைக்காத நேரமில்லை. ஆனா உன் பிள்ளைக்கும் பின்னால நினைச்சுப் பார்க்க நாலு நாள் வேணாமா? பாதிப் பேரை விதைக்கு ஒதுக்கு. மிச்சப் பேரைத் திருகையில போடு."

மாடக்கண்ணு விதைக்குப் பாதியை அள்ளி வைத்தான். செவத்தாயி கண்ணை மூடிக்கொண்டு திருகையைச் சுற்றினாள். ஒவ்வொரு பயறும் இரண்டாக உடைந்தது, பச்சைச் சட்டை கழன்றது. உள்ளே மஞ்சள். உடைந்த பயறு அதற்குமேல் பேசவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்றப் பயறுகளும் துக்கத்தில் பேச்சை விட்டன.

பருப்பு குழைய வெந்தது. முதல் நாள், மேலே தெளிந்த தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் தடவினாள். குழந்தை சப்புக்கொட்டியது. மறுநாள் ஒரு சங்கு. பத்து நாள் கழித்து, சோற்றோடு மசித்த பருப்பு. மாதம் முடிவதற்குள் பூங்காவனம் நிமிர்ந்து உட்கார்ந்து, கிண்ணத்துக்குள் தானே கையை விட்டாள்.

"பார்த்தியா பயறே!" என்று பானைப் பக்கம் திரும்பினாள் செவத்தாயி. பதில் வரவில்லை.

தோல் நீக்கிய பாசிப்பருப்பு எத்தனை மழை பெய்தாலும் முளைக்காமல் இருப்பது அன்றைக்குத் தொடங்கியதுதான். பால் மறக்கும் பிள்ளையின் நாக்கில் முதலில் அதன் தண்ணீர் படுவதும், ஊட்டுவதற்கு முன் தாய்மார் ஒரு பருப்பை விரலிடையில் நசுக்கி, தோல் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதும் அன்றிலிருந்துதான்.